வலி கிடக்கட்டும்… சத்தம் வருமா?

வலிக்கிறதா? மருந்து போட்டுக்கொள். வேண்டாமா? பல்லைக் கடித்துக்கொள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தவள் நான் — போன வெள்ளிக்கிழமை மத்தியானம் வரைக்கும்.

அன்றைக்கு ஒரு நர்ஸிங் ஹோம் வராந்தாவில் எனக்கு அதிர்ச்சி மேல் அதிர்ச்சி. கடைசியாக வந்ததிலிருந்து இன்னும் முழுசாக மீளவில்லை. இந்த வாரம் ரேஷன் கடை க்யூவைப் பற்றித்தான் எழுதுவதாக இருந்தேன். க்யூ எங்கே ஓடிவிடப் போகிறது… அது பாட்டுக்கு நிற்கட்டும்.

பிரசவ சமாச்சாரம் என்றதும் ஆண் வாசகர்கள் பக்கத்தைத் திருப்ப வேண்டாம். உங்களுக்கும் இதில் பங்கு உண்டு. இல்லாமலா விஷயம் பிரசவம் வரைக்கும் வந்தது?

ஆனையூரில் எங்கள் வீட்டுக்குப் பின்வீடு செல்லம்மாள் அக்காவுடையது. உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர்கள். மழையை நம்பி விவசாயம் பார்த்து, மழை கைவிட்டதும் மதுரைக்கு வந்து, மாட்டுத் தீவனக் கடை போட்டு நிமிர்ந்த குடும்பம். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இடுப்பளவுக்கு ஒரு சுவர். உறைமோர், கறிவேப்பிலை, தெருவில் யார் வீட்டில் என்ன சண்டை என்கிற செய்தி, எல்லாம் அதன் மேலாகத்தான் போய்வரும்.

அக்காவின் மூத்த மகள் தவமணி. என்னைச் சித்தி என்று கூப்பிடுவாள். டி. கல்லுப்பட்டிப் பக்கம் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். மாப்பிள்ளைக்குக் கூட்டுறவு சங்கத்தில் வேலை, பெரிய கூட்டுக் குடும்பம். வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள்.

எல்லாப் பெயரையும் மாற்றித்தான் எழுதுகிறேன். தவமணியிடம் அனுமதி கேட்டாகிவிட்டது. தாராளமா எழுதுங்க சித்தி, ஆனா எங்க வீட்டுக்காரர் பேரை மட்டும் நல்லா மாத்திருங்க என்றாள். ஏன் அந்தப் பெயருக்கு மட்டும் இத்தனை கவலை என்று போகப்போகப் புரியும். இப்போதைக்கு அவர் ராஜாங்கம்.

வெள்ளிக்கிழமை காலையில் வலி கண்டது. அக்கா சுவரோரம் வந்து, தங்கச்சி நீயும் கூட வா என்றார். பத்திரிகையில் எழுதுகிறவளுக்கு டாக்டரிடம் பேசவும் தெரியும் என்று எங்கள் தெருவில் ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கையில் நான் இதுவரை இரண்டு பல் டாக்டரையும் ஒரு கண் டாக்டரையும் பார்த்திருக்கிறேன், மற்றவர்களுக்காக.

வாடகைக் கார் பிடித்துப் போனோம். தீவனக் கடை போனிலிருந்து மாப்பிள்ளை ஆபீசுக்குத் தகவல் போயிருந்தது. மத்தியானத்துக்குள் கல்லுப்பட்டியிலிருந்து ஒரு படையே பஸ் ஏறி வந்து இறங்கிவிட்டது. மாமனார், மாமியார், மாமனாரின் தம்பிமார் இருவர், மாப்பிள்ளை. வந்தவர்கள் பிரசவ அறைக் கதவுக்கு நேர் எதிரே இருந்த பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்தார்கள். வேறு பெஞ்சுகள் காலியாகத்தான் இருந்தன. காற்றுக்காக அங்கே உட்காருகிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன்.

டாக்டர் வெளியே வந்தார். நடுத்தர வயது, பொறுமையான பெண். முதல் பிரசவம், இன்னும் நேரம் இருக்கிறது, பெண் ரொம்பக் களைத்திருக்கிறாள் என்றார். வலியைக் குறைக்க ஒரு ஊசி இருக்கிறதாம். போட்டால் கொஞ்சம் மயக்கமாக இருக்கும், வலியின் கடுமை தெரியாது. போடுவதென்றால் இப்போதே போட்டுவிட வேண்டும். பிள்ளை இறங்குகிற நேரத்தில் போட்டால் பிள்ளைக்கும் தூக்கம் பிடித்துக்கொள்ளும், மூச்சு விடச் சோம்பல்படும். போடலாமா, வேண்டாமா? குடும்பத்தில் பேசிச் சொல்லுங்கள் என்றார்.

நான் புடவை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

ஏனென்றால் இந்தச் சண்டை எனக்குப் பழக்கம். என் பிரசவத்தின்போது இதே ஊசியை நானே கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டேன். அதற்குக் கோயில் கட்டிக் கும்பிடலாம் என்று இன்றைக்கும் சொல்வேன். என் மாமியார் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. வலிக்காமல் பெற்றால் பாசம் வராது, பால் வராது, பிள்ளை மந்தமாகிவிடும் என்று அடுக்கினார். மந்தமாகிவிடும் என்ற அந்தப் பிள்ளை நேற்று என் கைக்கடிகாரத்தைக் கழற்றி உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டான். ஆனாலும் மாமியாருக்கு நான் ‘தூங்கிப் பெத்தவ’தான்.

ஆகவே கல்லுப்பட்டிச் சம்பந்தியம்மாள் வாயைத் திறந்ததும் என்னென்ன சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். பாசத்துக்கு ஒரு பதில். பாலுக்கு ஒரு பதில். அந்தக் காலத்திலெல்லாம் என்று ஆரம்பித்தால் அதற்குத் தனியாக ஒன்று.

சம்பந்தியம்மாள் வாயைத் திறந்தார். “போட்டுருங்க டாக்டரம்மா.”

மாமனார் தலையை ஆட்டினார். தம்பிமார் தலையை ஆட்டினார்கள். செல்லம்மாள் அக்கா கையெடுத்துக் கும்பிட்டு, போட்டுருங்கம்மா, புண்ணியமாப் போகும் என்றார். ஓட்டுக்கு விட்டிருந்தால் ஏகமனதாக நிறைவேறியிருக்கும்.

இதுதான் முதல் அதிர்ச்சி. இனிப்பான அதிர்ச்சி. நம் ஊர் எவ்வளவு மாறிவிட்டது என்று பூரித்துப் போனேன். என் மாமியாரைக் கூட்டிக்கொண்டு வந்து இந்தப் பெஞ்சின் முன்னால் நிறுத்தியிருக்கலாமே என்று தோன்றியது. இந்த வாரப் பத்தியின் முதல் வரியைக்கூட மனசுக்குள் எழுதிவிட்டேன். கல்லுப்பட்டி மாமியாருக்கு ஒரு சல்யூட்!

அந்த வரியை அப்படியே அழிக்க வேண்டியதாயிற்று. டாக்டர் உள்ளே திரும்பப் போனபோது சம்பந்தியம்மாள் அவரை நிறுத்திக் கேட்டார்.

“போட்டா சத்தம் வராதுல்ல?”

டாக்டருக்குப் புரியவில்லை. வலி நன்றாகக் குறைந்துவிடும் என்று மறுபடியும் சொன்னார்.

“வலி கெடக்கட்டும் டாக்டரம்மா, அது பொம்பளைக்கு உள்ளதுதான். சத்தம் வருமா, வராதா? அதைச் சொல்லுங்க.”

மயக்கத்தில் சத்தம் குறையலாம் என்று டாக்டர் இழுத்தார். பெஞ்சு முழுக்க ஒரு நிம்மதி. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவர்கள் காற்றுக்காக அந்த இடத்தில் உட்காரவில்லை. கேட்பதற்காக உட்கார்ந்திருக்கிறார்கள்.

எத்தனை வீடுகளில் இது உண்டோ எனக்குத் தெரியாது. இந்தக் குடும்பங்களில் இது ஒரு வழக்கம். தலைப்பிரசவத்துக்குப் புகுந்த வீட்டு ஆட்கள் வந்து வாசலில் உட்காருவார்கள். உள்ளேயிருந்து பெண்ணின் குரல் வெளியே வரக் கூடாது. வராவிட்டால் அது பிறந்த வீட்டுக்குப் பெருமை. சத்தமில்லாமப் பெத்தா, நல்ல வளர்ப்பு என்று ஊர் ஊராகச் சொல்வார்கள். வந்துவிட்டால்? அதையும் சொல்வார்கள். இன்னும் கூடுதலாக.

சம்பந்தியம்மாளே எனக்கு ஒரு உதாரணமும் சொன்னார், சிரித்துக்கொண்டே. அவருடைய மூத்த மருமகள் அவளுடைய பிரசவத்தில் போட்ட கூச்சல் தெருக்கோடி வரை கேட்டதாம். மில்லில் ஷிஃப்ட் முடிந்தால் சங்கு ஊதுவார்களே, அந்த மாதிரியாம். அன்றிலிருந்து வீட்டில் அவளுக்குப் பெயரே ‘மில்லு’. கொழுந்தன்மார் கூப்பிடுவது அப்படித்தான். மில்லு, காப்பி கொண்டா. மில்லு, சட்டையை எடுத்து வை. இப்போது அவள் பெற்ற பிள்ளையே அவளை அப்படித்தான் கூப்பிடுகிறதாம்.

சொல்லிவிட்டு அவர் சிரித்தார். தம்பிமார் சிரித்தார்கள். ராஜாங்கம் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி செல்லம்மாள் அக்காவைப் பார்த்தேன். அவராவது ஏதாவது சொல்ல மாட்டாரா? அவர் பெருமையாக நிமிர்ந்து உட்கார்ந்து, நான் அஞ்சு பெத்தேன், பக்கத்து அறையில தூங்குன ஆளு முழிச்சதில்ல என்றார். வாயில் துண்டைக் கடித்துக்கொண்டு பெற்றாராம். மகளுக்கும் ஒரு துண்டு மடித்துக் கொண்டுவந்து காலையிலேயே உள்ளே கொடுத்துவிட்டாராம். எம்பொண்ணும் காலையில இருந்து ஒரு சத்தம் போடல மதினி, ஊசியும் போட்டுட்டா பயமே இல்ல என்று சம்பந்திக்கு உறுதி கொடுத்தார்.

இது இரண்டாவது அதிர்ச்சி. இதில் இனிப்பு இல்லை.

எனக்கு வந்த கோபத்துக்கு அங்கேயே ஒரு பொதுக்கூட்டம் போட்டிருப்பேன். ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். காரணம் எவ்வளவு கேவலமாக இருந்தால் என்ன? ஊசி விழப் போகிறது. பெண்ணுக்கு வலி குறையப் போகிறது. நான் வாயைத் திறந்து வம்பு வளர்த்து அதைக் கெடுப்பானேன்? வாயை மூடிக்கொண்டேன். என்னைத் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும்.

டாக்டர் என்னையும் அக்காவையும் உள்ளே கூப்பிட்டார். தவமணி கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒருக்களித்துக் கிடந்தாள். நெற்றியெல்லாம் வியர்வை. வாயில் அந்தத் துண்டு. வலி வரும்போது கழுத்து நரம்பு புடைக்கிறது, கண் பிதுங்குகிறது… சத்தம் மட்டும் இல்லை. என்னால் பார்க்க முடியவில்லை. ஒரு வலி அடங்கியதும் பக்கத்தில் போய், கவலைப்படாதே, எல்லாரும் சரி சொல்லிவிட்டார்கள், இப்போது ஊசி போட்டுவிடுவார்கள் என்றேன்.

அவள் துண்டை வாயிலிருந்து எடுத்தாள்.

“யாரைக் கேட்டீக சித்தி?”

உங்க வீட்டில் எல்லாரையும்தான் என்று சொல்ல வந்தேன். பாதியில் நின்றுவிட்டது. டாக்டர் வராந்தாவைக் கேட்டார். வராந்தா பதில் சொன்னது. நானும் வராந்தாவோடு மல்லுக்கட்டத்தான் தயாராக இருந்தேன். உள்ளே கிடக்கிறவளைக் கேட்க வேண்டுமென்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

டாக்டர் நல்ல மனுஷி. உடனே குனிந்து, நீ சொல்லும்மா, போடவா என்று கேட்டார்.

“வேணாம் டாக்டரம்மா.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அசடே, இன்னும் நேரம் இருக்கிறது, இதைவிட மோசமாக வலிக்கப் போகிறது, நான் போட்டுக்கொண்டவள் சொல்கிறேன் கேள் என்று மன்றாடினேன். வலி பாதியாகக் குறைந்துவிடும் தவமணி என்றேன்.

“வலி கொறைஞ்சுருச்சுன்னா எதைச் சொல்லிக் கத்துறது சித்தி?”

எனக்குக் காதில் விழுந்தது. மண்டையில் ஏறவில்லை.

அவள் இடது கையை நீட்டிக் காட்டினாள். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை பழைய தீப்புண் தழும்பு. கல்யாணமான புதிதில் கொதிக்கிற கஞ்சி கொட்டிவிட்டதாம். வாசலில் மாமனார் ஆட்களோடு பேசிக்கொண்டிருந்தார் என்று அன்றைக்கும் சத்தம் போடவில்லையாம். அவள் அம்மா வீட்டிலும் சின்ன வயதிலிருந்தே அதே பாடம்தான். சிரித்தால் மெதுவா, அழுதால் மெதுவா, தும்மினால்கூட மெதுவா. இதையெல்லாம் வலிக்கும் வலிக்கும் நடுவில், மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள்.

“இங்க ஒரு எடத்துலதான் கத்துனா ஏன்னு கேக்க முடியாது. இதையும் ஊசி போட்டு அமுக்கிட்டீகன்னா, நான் எங்கிட்டுப் போயிக் கத்துவேன்?”

செல்லம்மாள் அக்கா பதறிப் போனார். ஏத்தா, வெளியில அம்புட்டுப் பேரும் உக்காந்திருக்காக என்று மகளின் காலைப் பிடிக்காத குறை.

“தெரியும்மா. அதான்.”

சொல்லிவிட்டுத் துண்டை அம்மா கையில் திருப்பிக் கொடுத்தாள். டாக்டர் ஊசியைத் தட்டிலேயே வைத்துவிட்டு, அவங்க வேணாம்னா வேணாம்தான் என்றார்.

அடுத்த வலி வந்தது. தவமணி கத்தினாள்.

நான் என்னவென்று எழுத? அதற்கு முன்னால் அந்தப் பெண் ஒரு வார்த்தை உரக்கப் பேசி நான் கேட்டதில்லை. சுவர் அதிர்ந்தது என்று எழுதினால் மிகை என்பீர்கள். ஜன்னலுக்கு வெளியே நின்றிருந்த ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்தார். அது மிகை இல்லை. முதலில் வார்த்தையே இல்லாமல் வந்தது. பிறகு ‘அம்மா’ என்று வந்தது. அப்புறம் கை எரியுதே என்று கத்தினாள் — எப்போதோ ஆறிப்போன கை. நான் பயந்து வெளியே வந்துவிட்டேன். வராந்தாவில் மாமனார் எழுந்து நின்றுகொண்டிருந்தார். தம்பிமார் ஒருவரை ஒருவர் பார்க்காமல் சுவரிலிருந்த காலண்டரைப் படித்துக்கொண்டிருந்தார்கள். சம்பந்தியம்மாள் முகத்தில் ஈயாடவில்லை.

அப்போதுதான் அது வந்தது.

“டேய் ராசாங்கம்! எங்கடா இருக்க?”

வாசகர்களே, நம் பக்கத்தில் பெண்டாட்டி புருஷன் பெயரைச் சொல்வது என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். ஓட்டர் லிஸ்ட் சரிபார்க்க வருகிறவரிடம்கூட, பக்கத்து வீட்டுப் பிள்ளையை விட்டுத்தான் சொல்லச் சொல்வார்கள். இங்கே பெயர், அதற்கு முன்னால் ஒரு டேய், மாமனார் மாமியார் சாட்சி. வராந்தா அப்படியே உறைந்துபோய்விட்டது. இனி இந்தப் பெண்ணின் கதி என்ன? இன்னொரு மில்லு ஆகிவிடுவாளா? அம்மா வீட்டோடு இருந்துகொள் என்று விட்டுவிட்டுப் போய்விடுவார்களா?

ராஜாங்கம் எழுந்தார்.

“இந்தா வாரேன் தவமணி, இங்கனதான் இருக்கேன்.”

யோசித்துச் சொன்ன மாதிரி தெரியவில்லை. கூப்பிட்டார்கள், எழுந்துவிட்டார். நேராகக் கதவுக்குப் போனார். ஆம்பளைங்க வரக் கூடாது என்று நர்ஸ் தடுத்தார். சரி என்று கதவைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார். உள்ளேயிருந்து அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடக் கூப்பிட, வெளியேயிருந்து இவர் இருக்கேன், இருக்கேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சாயங்காலம் பிள்ளை பிறக்கிற வரைக்கும்.

பெண் குழந்தை. அதுவும் வரும்போதே கத்திக்கொண்டுதான் வந்தது. நர்ஸ் வந்து, நல்லா அழுதுச்சு, பயமில்லை என்று சந்தோஷமாகச் சொன்னார். பெண்களாகிய எங்கள் வாழ்க்கையில் கத்தியதற்காகப் பாராட்டு வாங்குவது அந்த ஒரு தடவைதான் போலிருக்கிறது.

சம்பந்தியம்மாள் பேத்தியைப் பார்த்துவிட்டு மகனிடம் வந்தார். பேரைச் சொல்லிட்டாளேடா, நாளைக்கு ஊருக்குள்ள எப்படித் தலை நிமிந்து நடப்ப என்று பொருமினார்.

“கூப்பிடத்தானம்மா பேரு வச்சீக” என்றார் மாப்பிள்ளை.

அவ்வளவுதான். அந்தம்மாள் காப்பியைத் தொடவில்லை. கடைசி பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தும் கிளம்பிவிட்டார்கள். மாப்பிள்ளை போகவில்லை. கல்லுப்பட்டியில் இதற்கு என்ன பெயர் வைக்கப் போகிறார்களோ தெரியாது. வச்சா வைக்கட்டும், எனக்குக் கேக்காது சித்தி, நான் கத்துன கத்துல எனக்கே காது அடைச்சுப் போச்சு என்கிறாள் தவமணி.

ஒரு எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு, பார்த்தியா, ஊசி வேணாம்னு ஒரு பொண்ணே சொல்லிட்டா என்று மருமகளிடம் பத்திரிகையை நீட்டப் போகும் மாமியார்களுக்கு: நான் அப்படி எழுதவில்லை. ஊசி கேட்கிறவளுக்கு ஊசி போடுங்கள். நானே போட்டுக்கொண்டவள், திரும்பவும் போட்டுக்கொள்வேன். வேண்டாம் என்கிறவளை விட்டுவிடுங்கள். எதுவானாலும் வராந்தாவைக் கேட்காமல் கட்டிலைக் கேளுங்கள்.

இதோடு முடித்திருந்தால் நல்ல பத்தியாக இருந்திருக்கும். ஆனால் இன்னொன்று நடந்தது.

கல்லுப்பட்டிக்காரர்கள் போன பிறகு செல்லம்மாள் அக்காவைக் காணவில்லை. தேடினால், நர்ஸிங் ஹோம் பின்பக்கம் குழாயடியில் அந்தத் துண்டை அலசிக்கொண்டிருந்தார். மானம் போய்விட்டதென்று அழுகிறார், ஆறுதல் சொல்ல வேண்டும் என்று பக்கத்தில் போனேன். அவர் அழவில்லை. துண்டைப் பிழிந்தார், உதறினார், மறுபடியும் நனைத்தார்.

“எம்புட்டுச் சத்தம் தங்கச்சி… அம்புட்டையும் எங்கன வச்சிருந்தா அவ?”

குழாய் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா அதை மூடினார்.

“எனக்கு அஞ்சும் உள்ளயேதான் கெடக்கு. இப்பக் கத்துனா வருமா?”

வரும் அக்கா என்றேன். வேறு என்ன சொல்வது? அன்றிலிருந்து எங்கள் வீட்டு ரேடியோவை மெதுவாகத்தான் வைக்கிறேன் — பின்வீட்டிலிருந்து எந்த நேரமும் ஒரு சத்தம் வரலாம்.